கிளிக்குச் சீர் வைத்த மாமன்

தாய்மாமன் சீர் என்று என் வாழ்நாளில் நான் தட்டுத் தூக்கிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு கிளிக்கு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கே அந்த இரண்டு மூன்று வருடங்களில் நடந்ததை முழுசாக நம்ப முடியவில்லை.

அக்காவுக்குச் சிதம்பரத்தில் வீடு. வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மினி லாரி ஓட்டினார். மங்கலம்பேட்டைப் பக்கம் போய் முந்திரிக்கொட்டை ஏற்றிக்கொண்டு வருவார். நான் கடலூர் முதுநகரில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கிளியைப் பற்றிச் சொல்ல முடியாது.

சுனாமி வந்து ஒரு வருடம் கழிந்த மாசி மாதம். மங்கலம்பேட்டைக்கு அப்பால் ஒரு காட்டோரத்தில் பட்டுப்போன மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். மரத்தில் ஒரு பொந்து. அதற்குள் குஞ்சுகள். விழுந்த வேகத்தில் மற்றதெல்லாம் செத்துப்போக, ஒன்று மட்டும் கழுத்தை ஆட்டிக்கொண்டு கிடந்ததாம். மாமா அதைத் துண்டில் சுற்றி லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காட்டுக்கிளியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்றெல்லாம் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. "கோபுரத்துல ஆயிரம் கிளி கெடக்குது, என் ஊட்டுல ஒண்ணு இருந்தா இன்னா மச்சான்?" என்றார் மாமா.

பொரிகடலை மாவைக் கரைத்து, இங்க் ஃபில்லரில் எடுத்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டி அக்கா அதைப் பிழைக்கவைத்தாள். இறகு முளைத்தபோது தலை முதல் வால்வரை ஒரே பச்சை. ஆனால் கோபுரத்துக் கிளி மாதிரி இல்லை. அதைவிட ஒல்லி, அதைவிடச் சின்னது. வாலின் நடு இறகு நீலமாக ஓடி, நுனியில் வெள்ளை தொட்டு நின்றது. சத்தமும் வேறு. கோபுரத்துக் கிளிகள் கீ கீ என்று கத்தி ஊரைக் கூட்டும். இது "ட்டூயி?" என்று ஏதோ கேட்பதுபோல ஒரு குரல் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். என்ன கேட்கிறது என்று யாருக்கும் புரியாது.

எங்கள் ஊரில் கிளி ஆணா பெண்ணா என்று பார்க்க எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக வளையம் வந்தால் ஆண், வராவிட்டால் பெண். கோபுரத்துக் கிளிக்கு அது சரி. அதே கணக்கைக் காட்டுக்கிளிக்கும் போட்டோம். பத்து மாதமாகியும் வளையம் வரவில்லை. "பொண்ணுதான்" என்று சந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அன்றிலிருந்து வாடி, போடி, சாப்புடுடி, என் தங்கம்டி என்று வீட்டில் ஒரே கொஞ்சல்.

அடுத்த தை மாதம் தலையில் பச்சை உதிர்ந்து சாம்பல் நிறம் வந்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கீற்று, தாலிக்கயிறு போட்ட மாதிரி. எனக்குப் போன் வந்தது. "டேய் தம்பி, ஞாயித்துக்கெழம வந்துடு. உன் மருமவ வயசுக்கு வந்துட்டா."

"யாருக்கா?" என்றேன்.

"யாருன்னு கேக்குறான் பாரு, போக்கத்தவன்! அவதான்டா. மஞ்சள் பூசுன மாதிரி கழுத்தெல்லாம் வந்துருக்கு. பாத்தாத் தெரியல? சடங்கு சுத்தணும். மாமன் சீர் எடுத்துட்டு வா."

நான் கோபக்காரன். கண்டபடி கத்தினேன். கிளிக்குச் சடங்கா, ஊர் சிரிக்காதா, உனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டேன். பிறகு மாமா போனை வாங்கி, "வாயேன் மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போனேன். மாமன்தான் குடிசை கட்டவேண்டும் என்று தென்னங்கீற்றை என் கையில் கொடுத்தார்கள். கூண்டைச் சுற்றிக் கீற்றை வளைத்துக் கட்டினேன். தட்டில் கொய்யாப்பழம், பச்சைமிளகாய், தையற்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஒரு முழப் பட்டுத்துணி. சந்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். புட்டும் உளுந்தங்களியும் தின்றதும் சிரிப்பு போய்விட்டது. நிஜமாகவே ஆரத்தி சுற்றிப் பாட்டுப் பாடினார்கள். மஞ்சள் தண்ணீரை அக்கா விரலால் தொட்டுத் தெளித்தாள். கிளி சிலிர்த்துக்கொண்டு, "ட்டூயி?" என்றது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சந்தில் எந்த வீட்டுச் சடங்கிலும் அக்காவை முன்னால் கூப்பிட்டதில்லை. பிள்ளை பெறாதவள் என்று கடைசி வரிசையில் உட்காரவைத்து, தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் ஆரத்தித் தட்டு அன்றுதான் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மறு வருடம் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. கர்ப்பப்பையில் கட்டி, பையோடு எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். புதுச்சேரியில் ஆஸ்பத்திரி, அங்கேயே மாமாவின் தங்கை வீடு. போவதற்கு முந்தின நாள் கூண்டை என்னிடம் கொடுத்தாள்.

"ராத்திரி லைட்ட அணைக்காத, பயந்துக்குவா. கோவப்பழம் கெடச்சாக் குடு. வரும்போது என் பொண்ண எங்கிட்ட அப்படியே குடுக்கணும், ஆமா."

"அப்படியே தரேன்க்கா" என்றேன். எப்பேர்ப்பட்ட வாக்குக் கொடுக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆபரேஷன் முடிந்து தையல் புரையோடிவிட்டது. பத்து நாளில் வருவேன் என்று போனவள் மாதக்கணக்கில் வரவில்லை. இங்கே முதுநகரில் ஆடி மாதம் கிளி இறகு உதிர்க்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், அலகுக்கு மேலே சிவப்பாக ஒரு பொட்டு. எலி கடித்துவிட்டது, ரத்தம் என்று பதறிப்போய் மஞ்சள் அப்பினேன். மறுநாள் கன்னத்தில் ஒரு பொட்டு. அதற்கடுத்து நெற்றியில். துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். சாயம் போகவில்லை, கிளி கடித்து என் கட்டைவிரல்தான் கிழிந்தது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ரத்தமும் இல்லை, புண்ணும் இல்லை. இறகே சிவப்பாக முளைக்கிறது!

கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். டீக்கடைக்காரர், "கோவப்பழம் ஜாஸ்தி குடுத்துருப்ப, தலைக்கு ஏறிடுச்சு" என்றார். வீட்டுக்கார அம்மா சிலுவை போட்டு ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணேறு என்றார். மாட்டாஸ்பத்திரி டாக்டரோ, "எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். கிளி தெரியாதுப்பா. மொதல்ல இத வெளிய எடுத்துக்கிட்டுத் திரியாத, பாரஸ்ட்காரங்க பாத்தா உன்னத் தூக்கி உள்ள வெச்சுடுவாங்க" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சிவப்புத் தலைக்கு வைத்தியம் கேட்கப்போன எனக்கு ஜெயில் பயமும் சேர்ந்துகொண்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, கிளி தல செவக்குது."

"அடிபட்டுச்சா?"

"இல்ல மாமா. பழம் பழுக்குற மாதிரி பழுக்குது."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மச்சான். உங்கக்காகிட்ட மூச்சு விடாத. தையல் ஆறட்டும்."

ஐப்பசிக்குள் சாம்பல் நிறம் முழுக்கப் போய்விட்டது. தலை நாவல்பழமும் ரோஜாப்பூவும் கலந்த சிவப்பு. கழுத்தில் மஞ்சள் கீற்று போய்க் கறுப்புக் கோடு. தோளில் மருதாணி வைத்தாற்போல ஒரு திட்டு. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் கடைக்குப் போன நேரத்தில் யாராவது கதவைத் திறந்து மாற்றி வைத்திருப்பார்களோ? பூட்டைப் பார்த்தேன், கூரை ஓட்டைப் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மிரட்டிப் பார்த்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அக்கா திரும்பிய அன்று கூண்டோடு சிதம்பரம் போனேன். பாதியாய் இளைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துணியை விலக்கினேன். ஆசையாகக் கையை நீட்டியவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக ஒரு விரலைக் கம்பிக்குள் விட்டாள். கிளி நகத்தை அலகால் பிடித்து மெல்ல இழுத்தது. நெருப்புப் பட்டதுபோல விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"எங்கடா என் பொண்ணு?"

"இதான்க்கா. தல மாறிடுச்சு."

"எங்க என் பொண்ணு?"

"அக்கா, சத்தியமா இதான்க்கா..."

"பறக்க உட்டுட்டு, கெடச்சத வாங்கியாந்து குடுக்குறியா? எடுத்துட்டுப் போ."

என் கோபம் என்னை விட்டுவைக்குமா? "ஏமாத்தணும்னா சாம்பத் தலையா தேடி வாங்கியிருக்க மாட்டேன்? செவப்புத் தலைய எந்த மடையன் வாங்கியாந்து குடுப்பான்?" என்று கத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா என்னையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கே கொழப்பமாதான் இருக்கு மச்சான்" என்றார். பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு முதுநகர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். எனக்கென்று இருப்பது ஓர் அக்கா. அவள் அதன்பிறகு என் போனை எடுக்கவில்லை.

சிதம்பரத்தில் அவர்கள் மாடியில் வாடகைக்கு இருந்த பெண் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். அவள் ஒரு பறவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாளாம். கோபுரத்துக் கிளி ஒரு சாதி, இது வேறு சாதி. செந்தலைக் கிளி என்று பெயர். குஞ்சில் எல்லாமே பச்சைத் தலை. முதல் தடவை இறகு உதிர்த்ததும் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலச் சாம்பல் தலை. பெண் கடைசிவரை அப்படியே இருந்துவிடும். ஆணுக்கு மட்டும் இரண்டு மூன்று வயதில் தலை சிவக்கும். காட்டையும் காட்டோரக் கொல்லையையும் விட்டு ஊருக்குள் வராது. இத்தனையும் சொல்லிவிட்டு, வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதையும் சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அக்கா படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படத்துல யாரு வேணா எந்தக் கலரு வேணா அடிக்கலாம்" என்று புத்தகத்தை மூடிவிட்டாளாம். அது எனக்குப் புரியவே இல்லை. அக்கா முட்டாள் இல்லை. பிறகு ஏன் இப்படி?

"உங்கக்காவக் காட்டுக்கே இட்டுக்கினு போயிடலாம் மச்சான். கண்ணால பாக்கட்டும். நானும் கூப்புட்டுப் பாக்குறேன்" என்றார் மாமா. எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்று தெரியாது. ஒரு விடியற்காலையில் லாரியின் முன்சீட்டில் மூவரும் உட்கார்ந்து மங்கலம்பேட்டை தாண்டிப் போனோம். கிளியை மூங்கில் கூடையில் வைத்து, பாரஸ்ட்காரர் பயத்தில், அக்காவின் பழைய நூல்புடவையால் சுற்றியிருந்தேன். கூடை என் மடியில்தான் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை.

காட்டோரத்தில் ஒரு கம்புக் கொல்லை. மாமா எங்களை இறக்கிவிட்டு, லோடு ஏற்றிப் பண்ருட்டிக்குப் போகவேண்டும், திரும்பும்போது பஸ்ஸில் போய்விடுங்கள் என்று கிளம்பிவிட்டார். வரப்பில் உட்கார்ந்தோம். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டன. அம்பு விட்ட மாதிரி ஒரு கூட்டம், அத்தனையும் "ட்டூயி? ட்டூயி?" என்று கேட்டுக்கொண்டு. கதிரில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு கம்பைக் கொறித்தன. சிவப்புத் தலை, சாம்பல் தலை, பச்சைத் தலை எல்லாம் கலந்து. மடியில் கூடைக்குள்ளிருந்து எங்கள் கிளியும் குரல் கொடுத்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது!

"அக்கா, அந்தா பாரு! அந்த வளைஞ்ச கதிருல! பாதித் தல சாம்பல், பாதித் தல செவப்பு. பாத்தியா? மாறிக்கிட்டு இருக்கு! நம்மளுதும் இப்படித்தான் மாறுச்சு. இப்பவாவது நம்புறியா?"

அக்கா அந்தக் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தெரியும்டா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"இது அதுதான்னு. அன்னிக்கே தெரியும். நகத்தப் புடிச்சு இழுத்துச்சே, வேற எது எங்கிட்ட அப்படிப் பண்ணும்?"

"அப்பறம் ஏன்க்கா என்னத் திருடன் மாதிரி..."

"ஆஸ்பத்திரியில அத எடுத்துட்டாங்கடா தம்பி. இனிமே இல்லன்னு சொல்லிட்டாங்க. சரி, ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குன்னு நெனச்சுக்கினேதான் அவ்ளோ நாளும் படுத்துக் கெடந்தேன். கிளின்னு தெரியாதா எனக்கு? இருந்தாலும் சடங்கு சுத்துனேனே, பத்துப் பேரு வந்து நின்னாங்களே. வந்து பாத்தா அவளும் இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சந்துல அவளுங்க இன்னா பேசுவாளுங்க தெரியுமா? ஆம்பளக் கிளிக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனவன்னு பேசுவாளுங்க. எனக்கு ஆத்தாளா இருக்குற யோகம் கிளியிலகூட இல்ல."

காடுவரை வந்து, கண்ணால் காட்டி, நிரூபித்து முடித்தும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் கேட்ட கேள்வி ஒன்று, நான் இத்தனை நாள் பதில் தேடி அலைந்தது வேறொன்றுக்கு. கிளி விரட்ட யாரோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது. கூட்டம் ஒரே வீச்சில் எழுந்து காட்டுக்குள் போய்விட்டது. கூடைக்குள் எங்கள் கிளி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

"தொறந்து உட்டுடலாமா?" என்றேன்.

"கையில வளந்ததுக்குப் பருந்து தெரியுமா, பாம்பு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, கூடையை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மேலே கையை வைத்ததும் சத்தம் அடங்கியது.

பஸ்ஸில் கூட்டம். அக்காவுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புடவைச் சுருளை இரண்டு கையாலும் அணைத்தபடி, குலுங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து ஒரு வயசான அம்மா, கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தி, "தூங்குதா?" என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

"ம், தூங்குது" என்றாள் அக்கா.

"என்ன கொழந்த?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யார் கேட்பார்கள்? அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. நான்தான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பையன்" என்றாள் அக்கா. "மொதல்ல பொண்ணுன்னு நெனச்சுக்கினு இருந்தோம்."

"அப்படித்தான்மா, நம்ம நெனப்புலயா இருக்கு? எதுவா இருந்தா இன்னா, ஆத்தாளுக்குப் புள்ளதான். நல்லா இருக்கட்டும்." அந்த அம்மா புடவைச் சுருளைத் தொட்டுத் தன் நெற்றியோரத்தில் விரலை நெட்டி முறித்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவுரு யாரு, தாய்மாமனா? அப்ப மொட்ட அடிச்சுக் காது குத்துறதுக்கு மடி குடுக்கணுமே. சீரெல்லாம் ஒழுங்கா வெப்பியாப்பா?"

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதோடு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"வெப்பான்மா" என்றாள். "போன தடவையே வெச்சான்."